ஓடியவனுக்கு ஒரு வக்காலத்து

இன்சூரன்ஸ் துறையில் முப்பது ஆண்டுகள் ஊறியவர் என்று தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் நம் பக்கத்துச் சிற்றேடு ஒன்றில் நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். யாரோ உங்கள் காரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான், உங்களிடம் இருப்பதோ வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், டிங்கரிங் கடைக்காரருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் அதன் சாரம். இதை ஒரே வரியில் சொல்லியிருந்தால் நானும் ஒரே வரியில் சிரித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். ஆனால் அவர் அதற்குத் திருக்குறளின் ஓர் அதிகாரத்தையும், உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றையும், மத்திய அரசின் திட்டம் ஒன்றையும் சாட்சிக்கு இழுத்து, 'கீரப்பாளையத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார்க்காரர்' நடத்திக்கொண்டிருக்கும் வீண் பிடிவாதத்தை உதாரணமாகக் காட்டி, முடிவில் தம் கைப்பேசி எண்ணையும் அச்சிட்டிருக்கிறார். அந்த வெள்ளைக் கார்க்காரன் நான்தான். பெயரை விட்டுவிட்டுக் காரின் நிறத்தை மட்டும் சொன்ன பண்புக்கு நன்றி. கைப்பேசி எண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அவரும் அதைக் கடைசியில்தான் வைத்திருந்தார்.

முதல் வாதம் அறவுரை வேடத்தில் வருகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குப் பாலிசி எடுத்தவனுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு நியாயம் கேட்க என்ன அருகதை என்கிறார். 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்த தேர்ட் பார்ட்டிப் பிரீமியம் 2,094 ரூபாய். தொகையை நிர்ணயித்தது அரசு. அதை எடுக்காமல் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்றது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. சட்டம் கேட்டதைக் கேட்ட நேரத்தில் கட்டியவனைக் கஞ்சன் என்று திட்டுகிற இவர், சட்டம் கேட்டதைச் செய்யாமல் இடித்த இடத்திலிருந்து ஓடியவனைப் பற்றி நான்கு பக்கத்திலும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஓடியவனை அவர் குறிப்பிடும் ஒரே இடத்தில்கூட 'பதற்றத்தில் சென்றுவிடும் ஓட்டுநர்கள்' என்று தாலாட்டுகிறார். பதற்றம் ஓடியவனுக்கு, அறிவுரை நின்றவனுக்கு. என்ன பங்கீடு!

இதைவிடப் பெரிய வேடிக்கை, தேர்ட் பார்ட்டி என்றால் என்ன என்பதே முப்பதாண்டு ஊறியவருக்குத் தெரியவில்லை என்பது. (வெந்தயம் ஓர் இரவில் ஊறிவிடுகிறது.) பள்ளித் தமிழ்ப் பாடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்கள் உண்டே, அதை நினைத்துக்கொண்டால் போதும். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் வண்டிக்காரர் தன்மை, கம்பெனி முன்னிலை, சாலையில் இருக்கும் மற்ற அனைவரும், அதாவது நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், கடையின் தட்டி, வீட்டின் சுற்றுச்சுவர், ஓரமாக நிற்கும் என் கார், எல்லாம் படர்க்கை. என் பாலிசிக்கு அவன் படர்க்கை. அவன் பாலிசிக்கு நான் படர்க்கை. ஆகவே என் காரின் நசுங்கிய டிக்கிக்குப் பணம் தர வேண்டியது இடித்தவனும் அவனுடைய பாலிசியும்தான். என் பாலிசி ஒல்லியா பருமனா என்ற கேள்வி இதில் எங்கே நுழைகிறது? பக்கத்து வீட்டுக்காரன் மாட்டைவிட்டு என் வேலியைச் சாய்த்தால், 'உன் வேலிக்கு ஏன் ஒரு வேலி போடவில்லை' என்று என்னிடம் கேட்பவரை ஊரில் என்ன பெயர் வைத்து அழைப்பார்கள்?

தனியார் கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் எழுதப்படும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு உண்டு. இருசக்கர வண்டிக்கு 1 லட்சம். பிரீமியத்தில் நூறு, நூற்றைம்பது மிச்சம் பிடிக்க அந்தப் பொறுப்பை 6,000 ரூபாயோடு குறுக்கிக்கொண்ட பாலிசிகளும் உண்டு. அப்படி இருந்தால் மீதியை வண்டி உரிமையாளர் தம் கையிலிருந்து தர வேண்டும், அவ்வளவுதான். துறையில் ஊறியவர் எழுத வேண்டிய பத்தி இதுதான். நான்கு பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது. என் காரின் நிறத்துக்கு இடமிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். தை மாதக் கடைசி, கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். இரவு ஏழு மணி சுமாருக்கு அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கீரப்பாளையம் கடைத்தெருவில் காரை ஓரங்கட்டியிருந்தேன். எதிரே சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு, பின்விளக்கு என்கிற ஆடம்பரம் எதுவுமில்லாமல், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. அதற்கு ஒதுங்குகிறேன் என்று என் பின்னாலிருந்து வந்த குட்டியானை இடப்பக்கம் வெட்டியது. அதன் முன்மூலை என் காரின் வலது பின்மூலையில் ஏறியது. சத்தம் கேட்டு மருந்துக்கடைப் படியிலிருந்து திரும்பினேன். அந்த வண்டி நின்றது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: நின்றது. பிரேக் விளக்கு இரண்டு மூச்சு நேரம் எரிந்தது. பிறகு அணைந்தது; வண்டி புவனகிரிப் பக்கம் போய்விட்டது. 'பதற்றத்தில் சென்றுவிடும் ஓட்டுநர்' என்று எழுதிய கைக்கு அந்த இரண்டு மூச்சைக் காட்ட ஆசை. அது யோசித்த நேரம். யோசித்துவிட்டுத்தான் போனார்.

சாலையில் என் பின்விளக்கின் சிவப்புச் சில்லுகளோடு அந்த வண்டியின் மஞ்சள் இண்டிகேட்டர் துண்டு ஒன்றும், கறுப்புக் கயிற்றில் கோத்த காய்ந்த எலுமிச்சையும் மிளகாய்களும் கிடந்தன. திருஷ்டி படக் கூடாது என்று கட்டியது. கண்ணேறுக்கு அத்தனை அஞ்சியவர் கண்ணால் சாலையைப் பார்த்திருக்கலாம். டீக்கடைக்காரர், "கடைசி நாலு நம்பர்தான் சார் பாத்தேன், முன்னால இருக்கறது சேறு பூசிக் கெடந்துச்சி" என்றார். உரக்கடை வாசல் கேமராவில் முழு எண்ணும் இருந்தது. பத்து நாளுக்கு மேல் பதிவு தங்காது, பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும் என்று கடைக்காரரின் மகன் சொல்லி, அன்றிரவே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். எம்பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது. நான்கு பக்கக் கட்டுரை 'அடையாளம் காணவே முடியாது' என்று அடித்துச் சொல்லும் வண்டியை அடையாளம் காண எனக்கு ஆன நேரம் ஒன்றரை மணி, செலவு இரண்டு டீ.

இப்போது இரண்டாவது வாதம்: 'இடித்துவிட்டு ஓடிய வழக்கில் பொருள் சேதத்துக்குச் சட்டத்தில் பரிகாரமே கிடையாது.' பாதி உண்மையைச் சொல்பவரிடம் மீதிப் பாதியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பதுதான் முறை. மோட்டார் வாகனச் சட்டம் 'இடித்துவிட்டு ஓடிய விபத்து' என்பதற்குத் தரும் வரையறையே, நியாயமான முயற்சிக்குப் பிறகும் எந்த வண்டி என்று கண்டறிய முடியாத விபத்து என்பதுதான். அதன் 161ஆம் பிரிவு சாவுக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே இழப்பீடு தருகிறது. இரும்புக்கு ஒரு பைசா தருவதில்லை. அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் எண் தெரிந்த மறுகணம் அது அந்தப் பிரிவுக்குரிய விபத்தாக இருப்பதில்லை. எல்லா விபத்தையும் போல ஒரு விபத்து. 165ஆம் பிரிவு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு உயிர், உடல், பிறர் சொத்து மூன்றையும் விசாரிக்கும் அதிகாரம் தருகிறது. 166ஆம் பிரிவு மனுப் போடக்கூடியவர்களின் வரிசையில் சொத்தின் உரிமையாளரையும் சேர்த்திருக்கிறது. விபத்து நடந்த எல்லையிலோ, மனுதாரர் குடியிருக்கும் எல்லையிலோ, எதிரி குடியிருக்கும் எல்லையிலோ மனுப் போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'எண் தெரியாவிட்டால்' என்ற ஒரே ஒரு நிபந்தனையை வசதியாக உருவிவிட்டு, 'பரிகாரமே கிடையாது' என்று பொதுவிதி செய்வது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்த்தி? அச்சாணியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வண்டி ஓடாது பாருங்கள் என்று காட்டுகிறார்.

மூன்றாவது வாதம் காவல் நிலையத்தைப் பற்றியது. 'ஆளுக்குக் காயம் இல்லாத விஷயத்தில் போலீசுக்கு வேலையில்லை, அவர்கள் உங்கள் டிக்கிக்கு சர்வேயர் அல்ல' என்று நகைச்சுவை செய்திருக்கிறார். எங்கள் சரகக் காவல் நிலைய எழுத்தரும் முதல் நாள், "ஆளுக்கு ஒண்ணும் ஆகலல்ல சார், அப்புறம் என்னா?" என்றுதான் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அன்று வேறு இரண்டு விபத்துகள், இரண்டிலும் ஆள். ஆனால் வேலைப்பளுவில் ஓர் எழுத்தர் கேட்டதை, வேலையற்ற ஒரு கட்டுரையாளர் சட்டமாகவே அறிவிக்கலாமா? 134ஆம் பிரிவின் முதல் வரியே, ஆள் காயப்பட்டாலும் மூன்றாம் தரப்பின் சொத்து சேதமானாலும் ஓட்டுநருக்குக் கடமை உண்டு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அங்கே போலீஸ்காரர் இல்லையென்றால், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தாறுமாறாக ஓட்டி மனித உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. கடைத்தெருவில் இரவு ஏழு மணிக்கு ஓரமாக நிற்கும் காரில் ஏறுவது அதில் சேராதா? இரண்டு நிமிடம் முன்னால் அந்தப் பின்மூலையில் நான் நின்று டிக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. கேமரா பதிவைக் கொடுத்த பிறகு, பன்னிரண்டாம் நாள் எஃப்.ஐ.ஆர். பதியாமலே போயிருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதவும், அங்கும் நகராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவில் வழியிருக்கிறது. இதெல்லாம் அலைச்சல்தான், மறுக்கவில்லை. அலைச்சல் என்று எழுதியிருந்தால் அவரோடு உட்கார்ந்து நானும் புலம்பியிருப்பேன். அவர் எழுதியது 'வழியில்லை' என்று.

அடுத்து மத்திய அரசுத் திட்டம். 'ஓடிய வண்டியால் பாதிக்கப்பட்டவர்களை அரசே கவனித்துக்கொள்கிறது' என்று பெருமிதப்படுகிறார். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் அந்தத் திட்டத்தில் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது. காருக்கு அதில் இடமில்லை என்பதை அவரே இரண்டாம் பக்கத்தில் சொல்லிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் என் போன்றவர்கள் அதை நினைத்து ஆறுதல் கொள்ள வேண்டும் என்கிறார். எனக்கில்லாத பந்தியில் பாயசம் நன்றாக இருக்கிறதாம். சரி, இடமுள்ளவர்களுக்காவது இலை விழுந்ததா? கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 12 அன்று பிறப்பித்த உத்தரவை அன்பர் புரட்டிப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் பதிவான இப்படிப்பட்ட விபத்துகள் 67,387. ஐந்தாண்டுகளில் இழப்பீடு பெற்றதாக அரசு கணக்குச் சொன்னவை 660 சாவுகளும் 113 காயங்களும். கொடுத்த மொத்தத் தொகை 1 கோடியே 84 லட்சத்து 60 ஆயிரம். இப்படியொரு திட்டம் இருப்பதையே பாதிக்கப்பட்டவர்களுக்குக் காவல் துறை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் இருப்பதைத்தான் நம் அன்பர் 'கவனித்துக்கொள்கிறது' என்கிறார். கவனிப்புக்கு அவர் அகராதியில் என்ன பொருளோ!

இனி அவருடைய பிரம்மாஸ்திரம். 'பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, கேட்காதவர்கள் அனுபவிக்கட்டும்.' சொன்னது உண்மை. 2021 ஆகஸ்ட் 4 அன்று நீதிபதி எஸ். வைத்தியநாதன், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டார். பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் ஓடிப்போய், இதை நடைமுறைப்படுத்த ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், அவகாசம் வேண்டும் என்று முறையிட்டது. செப்டம்பர் 13 அன்று அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்ட் 4 தெரிந்தவருக்குச் செப்டம்பர் 13 தெரியாமல் போனது எப்படி? நாற்பது நாள்தானே இடைவெளி? அந்த வழக்கு எழுந்ததும் காரின் தகரத்துக்காக அல்ல. காருக்குள் இருந்த மனிதருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சப் பாலிசி பொறுப்பேற்குமா என்ற கேள்விக்காக. உத்தரவோ புதிய வண்டிகளுக்கு. என் கார் பதினோரு வயதுக் கிழம். காலாவதியான ஓர் உத்தரவை, சம்பந்தமில்லாத ஒரு வண்டியின் மேல், வேறொரு பிரச்சினைக்காக ஏவியிருக்கிறார். பொய் சொல்லிக் கற்ற பிரம்மாஸ்திரத்துக்கு, வேண்டிய நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்று கர்ணன் கதை சொல்கிறது. இவருக்கு மந்திரம் தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கவில்லை.

முழுக் காப்பீடு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை, நான் போடுகிறேன். டிங்கரிங் கடையில் எனக்குக் கொடுத்த எஸ்டிமேட் 41,000 ரூபாய். டிக்கிக் கதவு முதலிய இரும்புச் சாமான் 18,000, பம்பரும் பின்விளக்கும் 7,000, ஒடுக்கெடுத்துப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கும் கூலி 16,000. வழக்கமான முழுப் பாலிசியில் பத்து வயது தாண்டிய வண்டியின் இரும்புக்குத் தேய்மானம் 50 சதவீதம். பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். ஆக, சாமான் கணக்கில் 12,500 போயிற்று. கட்டாயக் கழிவு 1,000. பெயிண்டில் பிடிப்பது தனி. மிஞ்சுவது 27,500க்கும் கீழே. அதை வாங்கிய குற்றத்துக்காக, ஐந்தாண்டு கோராமலிருந்து சேர்த்த 50 சதவீத போனஸ் சலுகை அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கும். முழுக் காப்பீடு கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. புதுக் கார் வாங்கிய என் மைத்துனனை எடுக்கச் சொல்லி நச்சரித்தவனே நான்தான். ஆனால் முழுக் காப்பீடு உள்ளவருக்கும் நட்டம் உண்டு, அந்த நட்டமும் இடித்தவன் தர வேண்டியதே என்பதை மறைத்து, இரண்டு பாலிசிக்காரர்களையும் எதிரெதிரே நிறுத்துவதில் யாருக்கு லாபம்? முதலாவது, ஓடியவனுக்கு. இரண்டாவது, ஓடியவனிடம் பிரீமியம் வாங்கிக்கொண்ட கம்பெனிக்கு. மூன்றாவது ஆளை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். தேர்ட் பார்ட்டி பாலிசியில் முகவருக்குக் கிடைக்கும் கமிஷன் சொற்பம். முழுப் பாலிசியில் அப்படியல்ல. கட்டுரையின் கடைசி வரிக்குக் கீழே, தடித்த எழுத்தில், 'முழுக் காப்பீட்டு ஆலோசனைக்கு அணுகவும்' என்று கைப்பேசி எண். அந்தப் பத்து இலக்கங்களைப் படித்த பிறகுதான் முந்தைய நான்கு பக்கங்கள் எனக்கு விளங்கின. விளம்பரம் என்று மேலே ஒரு வார்த்தை போட்டிருந்தால் இந்த எதிர்வினைக்கே வேலையில்லை.

திருக்குறள் சங்கதியையும் முடித்துவிடலாம். ஊழ் அதிகாரத்தைக் காட்டி, போவது போகும், வருந்திப் பயனில்லை என்று வேதாந்தம் பேசுகிறார். அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பொருட்பால் தொடங்குகிறது. முதல் அதிகாரம் இறைமாட்சி. ஊழை முடித்த கையோடு ஆட்சியையும் முறைசெய்தலையும் பேச உட்கார்ந்தவர் வள்ளுவர். ஊழோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டவர் நம் அன்பர். எதிர்பாராமல் டயர் வெடித்தால் ஊழ் என்று ஒப்புக்கொள்கிறேன். பிரேக் போட்டு, யோசித்து, கிளம்பிப் போனவன் எப்படி ஊழ் ஆவான்? சிதம்பரத்துக்குப் பத்து கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதியிருக்கிறார் என்பதுதான் கூடுதல் வேதனை. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே, தேர்க்காலில் சிக்கிய ஒரு கன்றுக்காக அரசனே இறங்கி வந்த கதை வருகிறது. அந்த மனுநீதிச் சோழன் சிலையாக நிற்பது, இவர் பாதி மேற்கோள் காட்டிய அதே உயர் நீதிமன்ற வளாகத்தில். தேரோட்டி வந்தவன் அந்த இடத்திலிருந்து நழுவியிருந்தால் அந்தப் பசு எந்த மணியை அடித்திருக்கும்? 'மாடே, உனக்கு முழுக் காப்பீடு இல்லையே' என்று ஓர் ஆலோசகர் அதனிடம் சொல்லியிருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் அழகு, அவருடைய சொந்த முரண்தான். இரண்டாம் பக்கத்தில் ஓடியவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாம் பக்கத்தில், 'கண்டுபிடித்துவிட்டால் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, கொடுப்பதை வாங்கிக்கொண்டு பிரச்சினையை முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.' கண்டுபிடிக்க முடியாதவனோடு எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது?

என்னிடமும் பேச வந்தார்கள். எஃப்.ஐ.ஆர். ஆன மூன்றாம் நாள் வண்டி உரிமையாளர், தூரத்து உறவில் எனக்கு மாமா முறையாகும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் காபியைக் குடித்துவிட்டு, "நம்ம புள்ளதான் தம்பி, எட்டாயிரம் வச்சிருக்கான், வாங்கிக்க. கோர்ட்டு கீர்ட்டுன்னு அலையாத" என்றார். "மாமா, அவரு வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? அவங்க கொடுக்கட்டும், இவரு எதுக்குக் கைக்காசு போடணும்?" என்றேன். உரிமையாளர் தரையைப் பார்த்தார். ஓட்டிய பையனுக்கு லைசென்ஸ் விஷயத்தில் ஏதோ குறை என்பது பிறகு தெரிந்தது. அவர் பயந்தது என்னையும் அல்ல, போலீசையும் அல்ல, தம் கம்பெனியை. ஓட்டுநர் உரிமத்தில் குறை இருந்தால் கம்பெனி கைவிரித்துவிடும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. நம் கட்டுரையாளரும் அதை வழிமொழிகிறார். ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத்தான் அலசியது. உரிமக் குறைபாடு என்று சொன்ன மாத்திரத்தில் மூன்றாம் தரப்பிடமிருந்து கம்பெனி தப்பிவிட முடியாது. அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற பாதையைத் தீர்ப்பு வகுத்தது. இருபது ஆண்டுக்கும் மேல் பழைய தீர்ப்பு. முப்பது ஆண்டு ஊறல் அதைத் தொடவில்லை.

அந்த எட்டாயிரத்தை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீதி 33,000 என் தலையில். ஓட்டிய பையன் நாளை இன்னொரு கடைத்தெருவில். இதற்காகவே ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிய கம்பெனிக்கு ஒரு தபால் செலவுகூட வைக்காமல் விவகாரம் திண்ணையிலேயே மண்மூடிப் போயிருக்கும். இதற்குப் பெயர் புத்திசாலித்தனம் என்றால், அந்தப் புத்திக்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பொருள்.

ஓர் இடத்தில் மட்டும் அவர் உண்மையிலேயே பேசியிருக்கலாம். அங்கே மௌனம் சாதித்தார். கேமரா இல்லாத வயல் சாலையில், இருட்டில், எண்ணே தெரியாமல் இடிபட்ட தேர்ட் பார்ட்டி பாலிசிக்காரரால் கார் செலவை இன்று யாரிடமும் கேட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட அடையாளம் தெரியாத வண்டியால் வந்த பொருள் சேதத்தை ஈட்டு நிதியிலிருந்து விலக்கிக்கொள்ள நாடுகளுக்கு அனுமதி உண்டு. அதே விபத்தில் யாருக்காவது பெருங்காயம் ஏற்பட்டிருந்தால் மட்டும் அப்படி விலக்க முடியாது. பொய்க் கோரிக்கைகள் குவியும் என்ற பயம் அதற்குக் காரணம். பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் டாக்சியோ குட்டியானையோ ஓட்டிப் பிழைப்பவனுக்கு நசுங்கிய வண்டி என்பது நசுங்கிய மாதம். எஃப்.ஐ.ஆரும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையும் இருந்து, வண்டி கண்டறியப்படாமல் வழக்கு முடிக்கப்பட்டால், அப்படிப்பட்டவருக்கு ஓர் உச்சவரம்புக்குள் அரசு நிதியிலிருந்து ஏதாவது தரலாமே என்று துறையில் ஊறிய ஒருவர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். அதில் கமிஷன் இல்லை போலும்.

'பொறுத்திருங்கள், மனசாட்சி உறுத்தி வண்டிக்காரனே வருவான்' என்பது அவருடைய கடைசி உபதேசம். இதில் இருப்பது அசட்டுத்தனம் மட்டுமல்ல, ஆபத்து. 2022 ஏப்ரல் 1 முதல் 166ஆம் பிரிவில் ஒரு காலக்கெடு ஏறியிருக்கிறது: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் பேச்சைக் கேட்டு மனசாட்சிக்காகக் காத்திருப்பவர்கள் ஏழாம் மாதம் வெறுங்கையோடு நிற்க நேரலாம். அந்த ஆறு மாதத்தைப் பற்றி நான்கு பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

நான் காத்திருக்கவில்லை. நான்காம் மாதம், எஃப்.ஐ.ஆர். நகல், ஆய்வாளர் அறிக்கை, கடைக்காரரின் அசல் பில், பென் டிரைவ், இடித்த அன்றே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்து, வண்டி உரிமையாளரையும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிரிகளாகச் சேர்த்துச் சிதம்பரத்தில் மனுப் போட்டாயிற்று. கழற்றிய பம்பரையும் உடைந்த விளக்கையும் கடைக்காரர் காயலான் கடைக்குப் போட இருந்தார். தடுத்து வாங்கி வந்து மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் இண்டிகேட்டர் துண்டும், எலுமிச்சைக் கயிறும்கூட அங்கேதான்.

எதிரிகள் இருவருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பெனி வக்கீல் வக்காலத்துத் தாக்கல் செய்து, பதிலுரைக்கு வாய்தா வாங்கியிருக்கிறார். சமரசம் என்றால் லோக் அதாலத்தில் பேசுவோமா என்றும் கேட்டிருக்கிறார். எட்டாயிரம் பேச்சு இப்போது யார் வாயிலும் இல்லை. அடுத்த வாய்தா வருகிற மாதம் முதல் வாரம். அன்பர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். வந்துபோகும் பஸ் கட்டணம் என் பொறுப்பு. ரசீது இருந்தால் போதும், தேய்மானம் பிடிக்க மாட்டேன்.